ஓரியின் மலையில் ஓர் உஷ்ணக் கண்



கொல்லிமலையில் வாழ்ந்த விலங்குகளைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாசனம் ஒரு பாட்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இம்மலைக்குத் தலைவனாயிருந்த காலத்தில், வன்பரணர் என்னும் புலவர் அவனுடைய வில்லாண்மையைப் பாடியது புறநானூற்றின் 152-ஆம் செய்யுளாக நின்று நிலவுகிறது. அவன் விடுத்த ஓர் அம்பு யானையைச் சாய்த்துப் புலியின் உயிரைக் குடித்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியாகப் புற்றிலிருந்த உடும்பின் உடலில் போய்த் தைத்து நின்றது என்பது அப்பாட்டு சொல்லும் செய்தி. ஓர் அம்பு ஐந்து பிராணிகளை ஊடுருவுமா என்று பௌதிக சாஸ்திரம் படித்தவர்கள் கேட்கலாம். கவியின் உயர்வு நவிற்சியைத் தராசில் வைத்து நிறுப்பது எனக்குச் சம்மதமன்று. என் கருத்தைக் கவர்வது அம்பின் வேகமன்று, அந்த ஐந்து பெயர்களின் வரிசையே. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று பெருமையில் தொடங்கிச் சிறுமையில் முடியும் அவ்வரிசை, மலையை நேரில் அறிந்த ஒருவர் தந்த ஜாபிதாவைப் போலவே ஒலிக்கிறது.

அந்த ஐந்தில் யானையும் புலியும் இன்று இம்மலையில் இல்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன. அவற்றோடு கரடியும், குரங்கும், எறும்புதின்னியும், இரவெல்லாம் விழித்திருக்கும் தேவாங்கும் இருக்கின்றன. ஆனால் எத்தனை இருக்கின்றன, எந்தச் சரிவில் இருக்கின்றன, பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்று யாராவது கேட்டால், பத்திரிகைச் செய்தியையும் பயிர்ச்சேத மனுவையும் தவிரக் கையில் எடுத்துக் காட்டுவதற்கு நம்மிடம் அதிகம் இல்லை. தெர்மல் ட்ரோன் என்று இப்போது எல்லோரும் சொல்லுகிற யந்திரத்தைப் பற்றி இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தக் குறையை முன்னிட்டே. அந்த யந்திரத்தைத் தமிழ்நாடு அறியாததன்று. ஆனால் அதை ஒரு காவற்காரனாக வேலைக்கு வைத்துக்கொண்டோமே ஒழியக் கணக்கனாக வைத்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். அதைக் கணக்கனாக்குவதற்குக் கொல்லிமலையைப்போல் உவப்பான இடம் வேறில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் யந்திரத்தின் தன்மையைச் சிறிது பார்ப்போம். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானசாஸ்திரி, சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின்மீதும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சிவப்பு நிறத்தைத் தாண்டிக் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத இடத்தில் உஷ்ணம் இன்னும் அதிகமாயிருக்கக் கண்டார். அகச்சிவப்புக் கதிர்கள் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பவை அவையே. இவ்வுலகில் எப்பொருளும், பனிக்கட்டி உட்பட, தன் உஷ்ணநிலைக்கு ஏற்றவாறு இத்தகைய கதிர்களை இடைவிடாமல் உமிழ்ந்துகொண்டிருக்கிறது. உயிருள்ள உடலின் உஷ்ணநிலையில் உள்ள பொருள்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளத்தில் கதிர் வீசுகின்றன. சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுமாதலால், உஷ்ணக் காமிராவின் வில்லை ஜெர்மேனியம் என்னும் தனிமத்தால் கடையப்படுகிறது. காமிராவின் விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே, வனேடியம் ஆக்ஸைடு போன்ற பொருளால் ஆன நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். கதிர் பட்டு ஒரு புள்ளி இம்மியளவு சூடானால் அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தைக் கணக்கிட்டுத் திரையில் வெளுப்பும் கறுப்புமாகத் தீட்டிக் காட்டுவதே காமிராவின் தொழில்.

ஆகவே இந்தக் கண் விலங்கைப் பார்ப்பதில்லை. வெப்ப வித்தியாசத்தைப் பார்க்கிறது. இதை மறந்துவிட்டு, ட்ரோனைப் பறக்கவிட்டால் காட்டிலுள்ளதெல்லாம் திரையில் வந்துவிடும் என்று நம்புவோர் அரசாங்க அலுவலகங்களிலும் உண்டு, கல்லூரிகளிலும் உண்டு. கொல்லிமலையின் மேற்குச் சரிவில் மாலை ஏழு மணிக்கு இதைப் பறக்கவிட்டுப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைகள் அப்பொழுதுதான் அதைக் கக்கத் தொடங்கியிருக்கும். திரையில் நூற்றுக்கணக்கான வெள்ளைத் திட்டுக்கள் தோன்றும். அவற்றுள் கரடி எது, கரடியளவுள்ள கல் எது என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளாக ஏறிவரும் தார்ச்சாலை, உருக்கிய வெள்ளியை ஓடவிட்டாற்போல் பளபளக்கும். அதே சரிவை விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் காட்சி வேறு. பாறைகள் குளிர்ந்து மங்கியிருக்கும். இலையுதிர்ந்த மரங்கள் வெறும் சாம்பற் கோடுகளாக நிற்கும். அந்தச் சாம்பலின் நடுவே ஓர் ஒளிப்புள்ளி மெல்ல அசையும். அது ஒரு கறையான் புற்றின் அருகே நெடுநேரம் நின்று, சற்று நகர்ந்து, மறுபடியும் நின்றால், பார்ப்பவர் மூச்சை அடக்கிக்கொள்ளலாம்.

கரடியைப் பற்றி இங்கே ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். காமிரா காண்பது உடலின் உள் உஷ்ணத்தையன்று, மேற்பரப்பின் உஷ்ணத்தையே. நம் நாட்டுக் கரடிக்கு நீண்டு தொங்கும் கறுப்பு மயிர்ப் போர்வை உண்டு. அம்மயிரின் நுனி கிட்டத்தட்டச் சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்துக்கே வந்துவிடும். ஆதலால் மயிரடர்ந்த முதுகைவிட மயிர் குறைந்த மூக்கும் முகமுமே திரையில் அதிகமாக ஒளிரும். காட்டுப்பன்றிக்கோ மயிர் குறைவு. அது முழு உடலும் பிரகாசிக்கத் தோன்றும். இந்த நுட்பங்களை யந்திரத்தின் கையேடு சொல்லிக்கொடாது. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு வகையினர்: உயிர்நூல் பயின்றவர்கள் ஒரு வகை, மரவள்ளிக் காட்டுக்கும் சாமைக் கொல்லைக்கும் இராக்காவல் இருந்து, இருட்டில் கேட்கும் ஓசையைக் கொண்டே வந்திருப்பது இன்னதென்று சொல்லும் மலையாளிப் பழங்குடி விவசாயிகள் மற்றொரு வகை. கரடி புற்றைப் பிளந்து வாயைக் குவித்துக் கறையானை உறிஞ்சும் சத்தம் நெடுந்தூரம் கேட்கும். அதைப் பன்றியின் உறுமலோடு அவர்கள் ஒருநாளும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.

யந்திரத்தின் பார்வைக்கு எல்லை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது; கணக்கு என்றதும் சபையில் சிலர் முகம் சுருங்குவதைக் காண்கிறேன், சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் உஷ்ணக் காமிராவில் குறுக்கே 640 புள்ளிகளும் நெடுக்கே 512 புள்ளிகளும் உள்ளன. 13 மில்லிமீட்டர் வில்லை பொருத்தி நிலத்துக்கு 100 மீட்டர் மேலே பறந்தால், ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் சதுரத்தை அடக்கும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கரடி பதினாறு புள்ளிகளாகத் தெரியும், அடையாளம் காணலாம். கால் மீட்டர் நீளமுள்ள தேவாங்கு மூன்று புள்ளிக்கும் குறைவு; அது தேவாங்கா, கூட்டில் உறங்கும் பறவையா என்று சொல்ல வழியில்லை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் பரந்த கடவூர்ப் பிரதேசத்தில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குக்கென்று 2022-இல் சரணாலயமாக்கிய நம் அரசாங்கம், அந்தச் சிற்றுயிரை எண்ணுவதற்கு இன்றும் கைவிளக்கோடு நடப்பவரையே நம்பியிருக்க வேண்டும். அவ்விடத்தில் ட்ரோனுக்கு வேலை இல்லை.

மேலும் ஒரு கணக்கு. மேற்சொன்ன உயரத்தில் காமிராவின் பார்வைப் பட்டை 58 மீட்டர் அகலம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இருபத்தைந்து நிமிஷம் பறந்தால் 12 கிலோமீட்டர் நீளம் போகும். பார்த்த பரப்பு முக்கால் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கொல்லிமலையின் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் என்பார்கள். முழுவதையும் பார்க்க நானூறு தடவை பறக்க வேண்டும். விடியலுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவைக்குமேல் பறக்க இயலாது. ஆகவே மலை முழுவதையும் துழாவுவதாகச் சொல்பவர் யாராயினும் அவர் பேச்சை நம்ப வேண்டாம். குறித்த சில கோடுகளில் மட்டும் பறந்து, அங்கே கண்டதைக்கொண்டு முழுமையை மதிப்பிடுவதே செய்யத்தக்கது.

சமவெளியில் வகுத்த கோட்டை மலையில் அப்படியே போட முடியாது என்பதும் ஓர் இடர்ப்பாடு. மலைமேலுள்ள சோளக்காடு என்னும் ஊரின் விளிம்பில் நின்று ட்ரோனை எழுப்பி, எழுப்பிய மட்டத்திலேயே பள்ளத்தாக்கின்மேல் செலுத்தினால், சில நிமிஷங்களில் நிலம் அதன் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிடும். 700 மீட்டர் உயரத்திலிருந்து நோக்கினால் ஒரு புள்ளி 65 சென்டிமீட்டராகிவிடும். கரடி இரண்டே புள்ளியாகச் சுருங்கிவிடும். அதுமட்டுமன்று; 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, தடையற்ற பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர் உயரத்துக்கு மேல் முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. ஆதலால் மலையின் மேடு பள்ளங்களைக் காட்டும் உயரப் படத்தை முன்கூட்டியே யந்திரத்தில் ஏற்றி, நிலம் இறங்கும்போது தானும் இறங்கி, ஏறும்போது ஏறிச் செல்லும்படி அமைக்க வேண்டும். மலைமுகட்டுக்குப் பின்னால் மறைந்தால் கட்டளை அலை அறுந்துபோகும். பள்ளத்தாக்கிலிருந்து எழும் காற்று சிறிய ட்ரோனைத் தள்ளிவிடும். மூடுபனியின் நீர்த்துளிகள் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுமாதலால், ஐப்பசி முதல் தை வரை இம்மலையில் இறங்கும் பனிமூட்டத்துக்குள் உஷ்ணக் கண்ணும் குருட்டுக் கண்ணாகவே இருக்கும்.

அடர்ந்த மரத்தழையும் அப்படியே. கொல்லிமலையின் அடிச்சரிவில் முட்புதரும் இலையுதிர் காடும், மேலே பசுமை மாறாத சோலைகளும் தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் கோயிற்காடுகளும், அவற்றுக்கிடையே சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் உள்ளன. மாசி, பங்குனியில் அடிச்சரிவு மொட்டையாகிவிடுவதால் அங்கே காமிரா நன்றாய்க் காணும். சோலைக்குள்ளும் கோயிற்காட்டுக்குள்ளும் அது நுழையாது. தெய்வம் தன் காட்டை வேவு பார்க்கவிடவில்லை என்று மலைமக்கள் சொன்னால், நான் மறுத்துப் பேசமாட்டேன்.

இனித் தமிழ்நாட்டில் இதுவரை நடந்தவற்றைப் பார்ப்போம். 2021 செப்டம்பரிலும் அக்டோபரிலும் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் டி-23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடியபோது, கும்கி யானைகளோடும் மோப்ப நாய்களோடும் தானியங்கிக் காமிராக்களோடும் ட்ரோன்களும் பறந்தன. 21 நாட்கள் தேடிய பிறகு அக்டோபர் 15-ஆம் தேதி அப்புலி உயிருடன் பிடிபட்டது. அத்தேடல் அவ்வளவு நாள் நீண்டதற்கு உண்ணிச்செடிப் புதர் பெரிய காரணம். வானத்திலிருந்து நோக்குவோருக்கு அப்புதரினுள் கிடப்பது மலையேயானாலும் தெரியாது. அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி இரவு, கோயம்புத்தூருக்கு அருகே நவக்கரையில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டன. அத்துயரத்துக்குப் பின், மதுக்கரை வனச்சரகத்தில் தண்டவாளத்தின் ஓரமாகப் பன்னிரண்டு கோபுரங்கள் எழுப்பி, உஷ்ணக் காமிராக்கள் பொருத்தி, யானையின் உருவத்தைக் கணினியே இனங்கண்டு ரயில்வே ஊழியரை எச்சரிக்கும் ஏற்பாடு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அது பறக்காத கண். ஆனாலும் கண் அதே கண்தான். கூடலூரில் இரவில் ஊருக்குள் இறங்கும் யானைகளைக் கண்டறிய வனத்துறையினர் தெர்மல் ட்ரோனைப் பயன்படுத்துகின்றனர். 2024-இல் உத்தரப்பிரதேசத்து பஹ்ராயிச் மாவட்டத்தில் குழந்தைகளைத் தூக்கிச் சென்ற ஓநாய்களைக் கரும்புக் காட்டுக்குள் தேடியதும் இவ்வகை ட்ரோனைக் கொண்டுதான்.

இவையெல்லாம் அவசரக் காரியங்கள். உயிர் காக்கும் காரியங்கள். இவற்றை நான் குறைவாக மதிப்பவனல்லேன். என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு தடவையும் விலங்கு குற்றவாளியாகவோ பலியாகவோ ஆன பிறகே யந்திரம் வரவழைக்கப்பட்டிருக்கிறது. குற்றம் செய்யாத விலங்கு எத்தனை என்று கேட்பதற்கு அது எழுப்பப்படுவது அரிது.

எண்ணும் வேலை நம் நாட்டுக்குப் புதிதன்று. நீலகிரி வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் ஈ. ஆர். சி. டேவிதார் என்னும் இயற்கையன்பர் மலைமுகடுகளில் நடந்து அவ்வாட்டைப் பற்றி முன்னோடியான விரிவான ஆய்வு செய்தார். அவர் நினைவாக அக்டோபர் 7 இன்று வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2023-இல் தொடங்கிய வரையாட்டுத் திட்டத்தின் கீழ், 2024-இல் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகளும், 2025-இல் 1,303 ஆடுகளும் இருப்பதாக மதிப்பிட்டனர். இவ்வளவும் பெரும்பாலும் கால்நடையாகச் சென்று கண்ணால் கண்ட கணக்கு. புலிகளுக்கோ 2006 முதல் நான்காண்டுக்கு ஒரு முறை தேசமெங்கும் கணக்கு எடுக்கப்படுகிறது. ஆனால் கொல்லிமலை சரணாலயமன்று, புலிகள் காப்பகமுமன்று. காப்புக் காடுகளும் பட்டா நிலங்களும் ஊர்களும் கலந்துகிடக்கும் மலை. யானையும் புலியும் இல்லாத காரணத்தால் கொல்லி, பச்சைமலை, போதமலை, கல்வராயன் போன்ற கிழக்குத்தொடர்ச்சி மலைகள் பணமும் பார்வையும் கிட்டாமல் போயின. பெரிய விலங்கு இல்லாத வீட்டில் சிறிய விலங்கை யார் விசாரிப்பது?

மேல்நாட்டில் இந்தக் கருவியைக் கணக்கனாகப் பயன்படுத்தியவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில், குரங்கினங்களை ஆராயும் உயிர்நூலார் உஷ்ணப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் நோகிறது என்று வருந்தியிருந்த வேளையில், அதே பல்கலைக்கழகத்து வானியலார், கறுத்த வானத்தில் மங்கலான நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கத் தாங்கள் எழுதி வைத்திருந்த கணினி நிரல் இதற்கு உதவுமே என்றனர். கறுத்த பின்னணியில் ஒரு வெப்பப்புள்ளி என்ற அளவில் நட்சத்திரமும் விலங்கும் ஒன்றே. முதலில் ஒரு பண்ணையின் பசுக்களையும் மனிதர்களையும் படம்பிடித்துச் சோதித்து, 2017-இல் அம்முறையை வெளியிட்டார்கள். பின்னர் தென்னாப்பிரிக்காவில் அருகிவரும் ஆற்றோர முயலையும் போர்னியோவின் ஒராங் உட்டானையும் அவ்வாறு தேடினர். மெக்ஸிகோவில் சிலந்திக் குரங்குகள் இரவு தங்கும் மரங்களின்மேல் பறந்து எண்ணியபோது, பத்துக்கு மேற்பட்ட குரங்குகள் உள்ள கூட்டங்களில் தரையிலிருந்து எண்ணியதைவிட வானிலிருந்து எண்ணியதே அதிகமாயிற்று. நம் மலைக் குரங்கும் இரவில் மரத்திலேயே தங்குவது. அதற்கும் இது பொருந்தக்கூடும்.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒரே சரிவில் ஒரே விடியலில் நடப்பவர் ஒரு கணக்கும் பறப்பது ஒரு கணக்கும் எடுக்கட்டும். உதாரணத்துக்கு, நடந்தவர் இருபது பன்றிகளைக் கண்டார், ட்ரோன் முப்பதைக் கண்டது, இருவருக்கும் பொதுவாகத் தென்பட்டவை பன்னிரண்டு என்று கொள்வோம். ட்ரோன் கண்ட முப்பதில் பன்னிரண்டையே நடந்தவர் கண்டாராதலால், அவர் கண்ணுக்கு அகப்படுவது ஐந்தில் இரண்டு பங்கு. அப்படியானால் அவர் கண்ட இருபதும் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு; மொத்தம் ஐம்பது. இருவரும் காணாத பன்றிகளையும் எண்ணிவிட்டோம்! இருவர் தனித்தனியே நோக்கும் இம்முறை வரையாட்டுக் கணக்கிலும் கையாளப்படுவதே. தனியே பறக்கும் ட்ரோனால் தான் காணாமல் விட்டது எவ்வளவு என்று சொல்ல இயலாது; பக்கத்தில் ஒரு மனிதன் நடந்தால்தான் அதன் பிழை வெளிப்படும்.

கேடுகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2015-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கரடிகளின் உடலில் இருதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் கரடி ஓடவுமில்லை, தலையைத் தூக்கவுமில்லை. பார்த்தவர்கள் அதற்குப் பயமே இல்லை என்று எழுதியிருப்பார்கள். ஆனால் இருதயம் வேறு கதை சொல்லிற்று: ஒரு கரடியின் துடிப்பு நிமிஷத்துக்கு 123 வீதம் அதிகரித்தது. பிறகு, வளர்க்கப்பட்ட கரடிகளிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் அவை நாளடைவில் பழகிக்கொண்டன என்றும் கண்டனர். எப்படியாயினும், அசையாமல் நிற்கிற விலங்கு அமைதியாய் இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. குட்டியோடு திரியும் தாய்க் கரடியின்மேல் வேடிக்கைக்காக ட்ரோனை வட்டமிடவிடும் சுற்றுலாக்காரருக்கு இது தெரியவேண்டும்.

மனிதரைப் பற்றிய கேடு அதைவிடப் பெரிது. உத்தராகண்டத்துக் கார்பெட் புலிகள் காப்பகத்தில், விலங்குகளுக்காக வைத்த காமிராக்களும் ட்ரோன்களும் விறகு பொறுக்கச் சென்ற பெண்களை அச்சுறுத்தவும் அவமதிக்கவும் பயன்பட்டன என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். காட்டில் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் போகிற பெண்கள் காமிராவுக்கு அஞ்சி வாய் மூடிச் செல்லத் தொடங்கினால், அவர்கள் வரும் ஓசை விலங்குக்குக் கேட்காது. எதிர்பாராமல் சந்திக்கும் அபாயமே மிகும். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் இம்மலைமக்களின் கூரைகளுக்குமேல் அவர்களைக் கேளாமல் பறப்பதற்கு எந்த விஞ்ஞானிக்கும் உரிமை இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கும் தந்திருக்கிறது. எந்த நாளில், எந்தச் சரிவில், எதற்காகப் பறக்கப்போகிறோம் என்பதைக் கிராமசபையில் முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெறுவது மரியாதை மட்டுமன்று, முறையும் ஆகும். தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் காட்டுக்குப் போகிறவரின் உருவமும் அந்தத் திரையில் ஒளிப்புள்ளியாகத்தான் விழும் என்பதை மறந்துவிடலாகாது. வேட்டைக்காரர் கையில் இதே யந்திரம் கிடைத்தால் என்னவாகும் என்று கேட்கிறவர்களுக்கும் என்னிடம் ஆறுதலான மறுமொழி இல்லை. கண்ட இடங்களைத் துல்லியமாக அச்சிடாமல் இருப்பதே இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது.

கொல்லிப்பாவையைப் பற்றி நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இம்மலையை அணுகும் பகைவரை நகைத்து மயக்கி உயிர் கவரும்படி தெய்வத்தால் அமைக்கப்பட்ட பாவை என்று நம் இலக்கியம் கூறும் அது, காற்றுக்கும் மழைக்கும் அழியாத யந்திரக் காவல். நம் முன்னோர் காவலுக்கு யந்திரத்தைக் கற்பனை செய்தார்கள். கணக்குக்குக் கற்பனை செய்யவில்லை. அந்தக் குறையை நாமாவது நிரப்பலாம்.

எப்படி நிரப்புவது? பெரிய திட்டமோ கோடிக்கணக்கான பணமோ தேவை என்று நான் நினைக்கவில்லை. மரவள்ளி பெருகச் சிறுதானியங்கள் சுருங்கிய காலத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் தங்கி, சாமையையும் தினையையும் கேழ்வரகையும் விதையெண்ணிக் காப்பாற்றுவதற்கு மலைமக்களையே முன்னிறுத்தி உழைத்தார்கள். விதைக்கு ஆன அக்கறை விலங்குக்கும் ஆகக்கூடாதா? நாடுதோறும் படித்த இளைஞர் இருவரைத் தேர்ந்து, ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பெற்றுத் தருவது ஒன்று. அவர்கள் வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களை, திரையில் தோன்றும் ஒளிப்புள்ளியை இன்னதென்று சொல்லும் ஆசிரியர்களாக அழைத்து, அதற்குரிய ஊதியத்தையும் தருவது மற்றொன்று. தமிழ்நாட்டில் ட்ரோன்களுக்கென்றே 2022-இல் அரசாங்கம் ஆளில்லா வானூர்திக் கழகம் ஒன்றை அமைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் ட்ரோன் கட்டுவதில் பெயர் பெற்றவர்கள். பறக்கத் தெரிந்தவர் இருக்கிறார்கள், பார்க்கத் தெரிந்தவரும் இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரு சரிவில் ஒரே விடியலில் நின்றதில்லை, அவ்வளவே. கொல்லையின் நடுவே நிற்கும் பரணுக்குச் சிறகு முளைத்தது போன்றதுதான் இந்த ட்ரோன். பரணின்மேல் ஏறுகிறவர் கொல்லைக்கு உடையவராயிருப்பதே நியாயம்.

இந்தக் கணக்கு எடுக்கப்பட்டால் உடனே கிடைக்கும் பயன் என்ன என்று விவசாயிகள் கேட்பார்கள்; கேட்கவேண்டியதே. பன்றி தோண்டிய மரவள்ளிக்கு இழப்பீடு கேட்டு ஒரு மனு போகிறது. பன்றி அதிகமாகிவிட்டது என்று மனுதாரர் சொல்கிறார். இல்லை என்று அலுவலர் சொல்கிறார். இருவரிடத்திலும் எண் இல்லை. பலாப்பழக் காலத்தில் கரடி ஊருக்குள் வருகிறது; காட்டில் உணவு குறைந்ததாலா, கரடி பெருகியதாலா, ஊர் காட்டுக்குள் நுழைந்ததாலா என்ற விவாதம் டீக்கடையில் தொடங்கி டீக்கடையிலேயே முடிகிறது. எண் இருந்தால் விவாதம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பொய் பேசுவது சற்றே கடினமாகும். அதுவே எனக்குப் போதுமானது.

ஆகவே வனத்துறையாருக்கும், பல்கலைக்கழகத்தாருக்கும், நாட்டார்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இது: வருகிற மாசி மாதத்தில் அடிச்சரிவு இலையுதிர்ந்து நிற்கும்போது, கிராமசபைகளின் சம்மதத்தோடு, பத்துக் கோடுகள் மட்டும் வகுத்து, ட்ரோன் ஒன்றும் நடப்பவர் இருவருமாக முதற்கணக்கை எடுங்கள். கிடைத்த எண்ணைத் தமிழில் அச்சிட்டு, செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு அருகில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். மறு வருஷம் அதே மாசியில், அதே கோடுகளில், மறுபடியும் எண்ணுங்கள்.